இடது முழங்கால்

நாலாவது நிமிஷமே கெர்வினின் இடது முழங்காலைத் தேடி வந்து உதைத்தார்கள்.

அவன் கட்டுப் போட்டிருந்தது வலது காலில். அடிபட்ட காலை மறைக்க, நல்ல காலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரமாக ஆடி வந்தான். இதுவரை எதிர்த்து ஆடிய எல்லா அணியும் அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்து ஏமாந்தது. இன்று துனாபுனா கிங்ஸ் ஆட்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மயாரோ ரோவர்ஸுக்கு இது கால்பந்து லீகின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும், கிளப்பின் பத்தொன்பது வருஷத்தில் முதல் கோப்பை. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் கேப்டன் கெர்வினுக்கு வயது முப்பத்து நான்கு. இன்னொரு சீசன் கிடையாது என்பது அவனுக்கே தெரியும்.

அதனால்தான் கோச்சிடம்கூட முழங்கால் விஷயத்தைச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அணிக்கு மசாஜ் செய்யும் பாய்சி. இன்னொருத்தி அவன் மனைவி லிஸ்ட்ரா.

மூன்று வாரமாக, "ஆடாதே, கால் போயிடும்" என்று தினமும் சண்டை போட்டவள் லிஸ்ட்ரா. இன்று காலை பொரித்த ரொட்டியும் கருவாடும் எடுத்து வைத்துவிட்டு, "தைரியமா போய் ஆடு கெர்வின். உன் காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். சர்ச்சில் வேண்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இடைவேளையில் அவன் பாய்சியை ஓரமாக இழுத்தான். "யாருகிட்டயாவது வாய் விட்டீங்களா?"

"எங்கம்மா கல்லறை மேல சத்தியம்ப்பா! என் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல." பெரியவரின் கண் கலங்கிவிட்டது. "போதும், வெளியே வந்துடு கெர்வின்."

"இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தானே" என்று கெர்வின் எழுந்தான்.

கிங்ஸின் பத்தாம் நம்பர் ஜெரல். மே மாதம் வரை ரோவர்ஸில் கெர்வினோடு ஆடியவன், கெர்வின் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். சீசன் பாதியில் அந்தப் பக்கம் தாவிவிட்டான். அவன் காலில் பந்து பட்டபோதெல்லாம் மயாரோ கூட்டம் கத்தித் தீர்த்தது.

"டேய் வாடகைக் காலு! எங்க கடல் மீனைத் தின்னு வளர்ந்த காலுடா அது!"

எண்பத்தோராவது நிமிஷம். கோல் எதுவும் விழவில்லை. உயரே வந்த பந்துக்குக் கெர்வின் எம்பினான். இறங்கும்போது கிங்ஸ் ஆள் ஒருவனின் பூட்ஸ் அந்த இடது முழங்கால் மேலேயே விழுந்தது. எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை.

அவன் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. ஜெரல் அந்த வழியாகவே ஓடி வந்து கோல் போட்டான். கையை உயர்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தலைகுனிந்தபடி திரும்பி நடந்தான்.

விசில் ஊதியபோது கோப்பை துனாபுனாவுக்குப் போயிருந்தது.

கெர்வினைத் தூக்கிவந்து ஓய்வறை வாசல் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். ஜெரல் வந்து எட்ட நின்றான்.

"எந்தக் காலுன்னு நீதானேடா சொன்ன?"

"ஆமா. எங்க கோச்கிட்ட நான்தான் சொன்னேன்." ஜெரல் மழுப்பவில்லை. "கோப்பை ஜெயிக்கத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. தெரிஞ்சதை எப்படி மறைக்க முடியும்?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ போய் மூணு மாசம் கழிச்சுதானே அடிபட்டுச்சு!"

ஜெரல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உன் வீட்டுல கேளு" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டான்.

கெர்வினுக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. பதினொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள்! தான் ஆடுவதை நிறுத்த வேண்டும் என்பதற்காக இந்த அளவுக்குப் போவாளா?

பார்வையாளர் வரிசையிலிருந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு லிஸ்ட்ரா ஓடி வந்தாள். கையில் யாரோ கொடுத்த ஐஸ் பை. மண்டியிட்டு அவன் முழங்காலில் வைக்கப் போனாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"ஜெரலுக்குப் போன் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"எந்தக் காலுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏன் லிஸ்ட்ரா? என்னை மொடமாக்கித்தான் வீட்டுல உட்கார வைக்கணுமா? கூட இருந்தே காட்டிக் கொடுத்துட்டியே!"

ஐஸ் பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. தூரத்தில் கோப்பையோடு ஓடும் கூட்டத்தில் ஜெரலைப் பார்த்தாள். பிறகு கெர்வினைப் பார்த்தாள்.

"அந்தக் காலை மட்டும் விட்டுடுங்கன்னு கெஞ்சத்தான் பண்ணினேன்."