சராசரிக்கு ஆகாத பிள்ளை

“தேர்வு அன்னிக்கு உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஒரு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்கம்மா.”

“தேர்வு அடுத்த மாசம்தானே சார். காய்ச்சல் வரப்போறது இப்பவே எப்படித் தெரியும்?”

தலைமையாசிரியர் புன்னகைத்தார். பெற்றோர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சதவீதம்’. காலையில் குடித்த காபியைக்கூட எண்பது சதவீதம் நன்றாயிருந்தது என்பார். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் பள்ளியின் பெயர் சின்ன எழுத்தில், அவர் பெயர் பெரிய எழுத்தில்.

எதிரே நின்றவள் பஸ் கண்டக்டர். இரண்டு டிரிப்புகளுக்கு நடுவே, சீருடையோடும் தோல்பையோடும் ஓடி வந்திருந்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்றே பிழைப்பவள் என்பதால் அவளும் அதைக் கவனிக்கவில்லை.

“மூணாம் வகுப்புக்கு அரசாங்கம் வைக்கிற பொதுத் தேர்வும்மா இது. நாப்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை, சரியான வட்டத்தைக் கருப்பாக்கணும். போன வருஷம் அரை சதவீதத்துல முதலிடம் போச்சு. உங்க பொண்ணு என்னடான்னா, ஒரு கேள்விய விரல் வெச்சு எழுத்தெழுத்தாப் படிக்கிறா. வகுப்போட சராசரியே படுத்துடும்.”

“மெதுவாத்தான் படிப்பா சார். ஆனா புரிஞ்சு படிப்பா.”

“புரியறதுக்குத் தனியா மார்க் கிடையாதும்மா.”

கண்டக்டருக்குக் காதோரம் சூடேறியது.

“என் பஸ்ல தினமும் ஒருத்தர் ஊன்றுகோலோட ஏறுவார் சார். அவர் ஏறி உட்கார மூணு நிமிஷம் ஆகும். வண்டி லேட்டாகுது, நாளைலேருந்து வராதீங்கன்னு நான் சொன்னா என் வேலை போயிடும். அதையே நீங்க சொன்னா உங்களுக்குக் கோப்பை தர்றாங்க.”

சதவீதத்தின் புன்னகையில் அறுபது சதவீதம் காணாமல் போனது.

“சரி, எழுதட்டும். ஆனா இவளால சராசரி குறைஞ்சா, டி.சி. வாங்கிக்கிட்டுப் போறேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

வேறு பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே சேர்த்தால் கொண்டுபோய் விடவும் கூட்டி வரவும் ஆளில்லை, வேலையைத்தான் விடவேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

“இன்னொண்ணும்மா. தேர்வுக்கு முந்தின வாரம் சிறப்புப் பயிற்சி. அதுல இவளை உட்கார வெக்க முடியாது. மத்தவங்க வேகம் கெட்டுடும்.”

அப்படியே நடந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. இவள் மட்டும் வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், மடியில் புத்தகத்தோடு.

“உள்ள என்னடி சொல்லித் தர்றாங்க?” என்று மாலையில் கேட்டாள் கண்டக்டர்.

“தெரியலம்மா. எல்லாரும் பாட்டு மாதிரி ஒண்ணாக் கத்தறாங்க.”

“நீ என்ன பண்ணின?”

“படிச்சேன்.”

மறுநாள் காலை டிரிப்பில் மூன்று பயணிகள் ஒரு காரணமும் இல்லாமல் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

தேர்வு முடிந்து வந்த மகள், “இருபத்தாறுதாம்மா முடிச்சேன். அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. மத்தவங்கல்லாம் பத்தே நிமிஷத்துல எழுந்து போயிட்டாங்க” என்றபோது, கண்டக்டர் அவள் தலையை வருடிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. உடனே வரவேண்டுமாம்.

வழியில் பதினான்கு நிறுத்தங்கள். பேசவேண்டியதை எல்லாம் அதற்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். அறைக்குள் தலைமையாசிரியரின் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு கண்ணாடிக்காரம்மா உட்கார்ந்திருந்தார். சதவீதம் அலமாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கண்டக்டருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

“டி.சி. தானே சார்? கொடுங்க. ஆனா ஒரு வாரம் எம்பொண்ண வாசல்ல உட்கார வெச்சீங்களே, அதை எந்த சதவீதத்துல சேர்க்கப் போறீங்க? பிள்ளைங்களுக்காகத்தான் பள்ளிக்கூடம்னு நினைச்சேன். இங்க உங்க அலமாரிக்காகல்ல பிள்ளைங்க படிக்கிறாங்க.”

“உட்காருங்கம்மா” என்றார் கண்ணாடிக்காரம்மா. “நான் தேர்வுத் துறைலேருந்து வர்றேன். உங்க பொண்ணு எடுத்தது பத்தொன்பது.”

நாற்பதுக்குப் பத்தொன்பது. கண்டக்டரின் குரல் இறங்கிவிட்டது.

“சராசரி ரொம்பக் குறைஞ்சுடுச்சாம்மா?”

“குறையல. இவளாலதான் கொஞ்சமாவது ஏறியிருக்கு. மத்த நாப்பத்தொரு பேரும் ஆளுக்கு ஒன்பது.”

கண்டக்டர் சதவீதத்தைப் பார்த்தாள். அவர் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேள்வித்தாள் முன்கூட்டியே வெளிய போயிடுச்சுன்னு தெரிஞ்சு, கடைசி நேரத்துல கேள்விகளை முன்னபின்ன மாத்தி அச்சடிச்சோம். அது தெரியாம நாப்பத்தொரு பேரும் பழைய தாளோட விடை வரிசையை அப்படியே, ஒரு வட்டம் பிசகாமக் கருப்பாக்கியிருக்காங்க” என்ற அந்த அம்மா, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இந்த வகுப்புல கேள்வியைப் படிச்சுப் பார்த்தது உங்க பொண்ணு ஒருத்திதான்.”