கெசையாவுக்கு வந்த கடிதங்கள்

பாஸ்டன் நகரத்து மாலை வெயில் இரும்பு அடுப்பின் மேல் சரிந்து கிடக்கிறது. அடிமைகளின் விடுதலைக்காக எழுதியும் மேடையேறிப் பேசியும் ஓயாதிருந்த கெசையா, பக்கவாதத்தில் நாக்கு இழுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். அவளுக்கு வந்த கடிதங்களைத் தம்பி ஈனோக் ஒவ்வொன்றாக அடுப்பில் போடுகிறான். முத்திரை அரக்கு உருகிக் கருகும் வாசனை அறையை அடைக்கிறது. பண்ணையிலிருந்து தப்பி வந்த ரோடா, எழுதப் பழகியதும் கோணல்மாணலாக எழுதிய முதல் கடிதம் இப்போது அவன் கையில். கெசையாவின் இடது கை போர்வையைப் பிறாண்டுகிறது. "பேசிப் பேசியே என் பருத்தி வியாபாரத்தக் கெடுத்தியே அக்கா. இப்ப 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லு, இத விட்டுடறேன்." வாய் கோணித் திறக்கிறது, எச்சில்தான் வழிகிறது. ஈனோக் பொறுமையாகக் காத்திருக்கிறான். கைக்குட்டையால் அவள் மோவாயை இதமாகத் துடைத்துவிடுகிறான். "அப்போ உனக்கும் சம்மதம்தான்" என்று கடிதத்தை உள்ளே போட்டு, அடுப்புக் கதவைச் சாத்துகிறான்.