மூடி திருகிய புட்டிகள்

இந்த வருடமும் அதே வளைவில்தான் கிடந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் பிராந்திப் புட்டிகள்.

ஏப்ரலில் பனி உருகி, புல் முளைப்பதற்கு முன்னால், எங்கள் தேவாலயத்துப் பெண்கள் நெடுஞ்சாலையில் குப்பை பொறுக்குவோம். இரண்டு ஏரிகளுக்கும் நடுவே இரண்டு மைல் எங்கள் பொறுப்பு. சாலையோரப் பலகையில் எங்கள் பெயர் இருக்கிறது.

எல்லாம் கோடைக்கு வந்துபோகிற சிகாகோ ஜென்மங்களின் வேலை என்று ஆரம்பித்தேன். ஏரிக்கரையில் மாளிகை கட்டத் தெரியும், குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போகத் தெரியாது. பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டே குடிக்கிற கூட்டம். அதிலும், காலிப் புட்டியின் மூடியைத் திருகி மூடிவிட்டு எறிகிற ஒழுக்கம் வேறு. சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

குடிகாரர்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. என் கணவர் ஆரின், குடியை விட்டு நாலு வருடமாகிறது. இன்னொரு முறை குடித்தால் வேலை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சாலைத் துறையில் அவரைத் திரும்பச் சேர்த்தார்கள். நான் எழுதி வாங்கவில்லை. இன்னொரு முறை குடித்தால் நான் இல்லை என்று வாயால் சொன்னதோடு சரி.

என்னோடு பொறுக்கிக்கொண்டிருந்த ஆர்லிஸ் குனிந்து ஒரு புட்டியை எடுத்தாள். அவள் வாய் திறப்பதே அபூர்வம். திறந்தாலும் உருப்படியாக எதுவும் வராது.

“இதெல்லாம் மணலுக்கு மேல கிடக்குதேடி. பனியில வண்டி வழுக்காம இருக்கத் தூவுன மணலு. கோடையில வர்றவங்க போட்டிருந்தா அடியில இல்ல கிடக்கணும்?”

நான் நின்றுவிட்டேன்.

குளிர்காலத்தில் ஏரிக்கரை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். விடியுமுன் இந்த வளைவு வரை வந்து திரும்பிப் போவது ஒரே ஒரு வண்டிதான்.

மீதிப் புட்டிகளை இரண்டு கையாலும் அள்ளி மூட்டைக்குள் போட்டேன்.

மூட்டைகளை ஏற்ற வண்டி வந்தது. குளிர்காலம் முழுக்கப் பனியை ஒதுக்கி மணல் தூவிய அதே ஆரஞ்சு வண்டி. எப்போதும் அதை ஓட்டுகிற ஆரின் இறங்கினார். குடித்து முடித்த காபிக் குடுவையின் மூடியை நிதானமாகத் திருகி மூடிக்கொண்டே, இந்த வருடமும் நிறையவா என்று கேட்டார்.

“எல்லாம் அந்தச் சிகாகோக்காரனுங்கதான். இல்ல, ஆர்லிஸ்?” என்றேன்.

ஆர்லிஸ் கையிலிருந்த புட்டியைத் தன் மூட்டைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினாள்.

நல்லவேளை, அவள் பேசுவதே அபூர்வம்.