வயிற்று வார்

சேணத்தின் வயிற்று வாரை இழுத்ததும் குதிரை பவானி காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஜெயராஜின் தோளைக் கவ்வ வந்தது.

வரும் என்று தெரியும். விலகிக்கொண்டான்.

ஆரம்பாக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு செட் தயார். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை பார்த்திபன் காரில் காத்திருந்தான். வாடகைக் குதிரைதான் இன்னும் சேணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன தீபாவளிக்குத் தடா பக்கம் ஜெயராஜ் வாங்கிய குதிரை. வந்த புதிதில் பசு மாதிரி நின்றது. இப்போது சேணத்தைக் கையில் எடுத்தாலே வாலைச் சுழற்றுகிறது. ஜெயராஜ் முதுகைத் தடவிப் பார்த்தான், புண் இல்லை. சேணத்துக்கு அடியில் போடும் மெத்தையை மாற்றினான். பேஜார்தான் மிச்சம்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். கள்ளி, வயிற்றை உப்பிக்கொள்கிறது. சில குதிரைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. வார் கட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும், கட்டி முடித்ததும் விட்டுவிடும். வார் தளர்ந்து சேணம் சரியும்.

போன முகூர்த்தத்தில் எளாவூர் மாப்பிள்ளை அப்படித்தான் மாலையும் கழுத்துமாகச் சாக்கடையில் இறங்கினார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இன்றும் சரிந்தால் ஜெயராஜை இனி ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் இன்று அவன் விடுவதாக இல்லை. குதிரை மூச்சு விடட்டும், அந்த நேரம் பார்த்து இன்னொரு துளை இறுக்கிவிடலாம். வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நேரமாகிறது என்று மாப்பிள்ளையின் தாய்மாமா அவசரப்படுத்தினார்.

பவானி மூச்சு விட்டது. மூக்கு விரிய, நீளமாக விட்டது.

வயிறு இறங்கவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ அவன் உள்ளங்கையை உதைத்தது.

சட்டென்று கையை எடுத்தான். மறுபடி வைத்தான். தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு முட்டி எழும்பியது. அவன் விரல்களின் கீழாகவே நகர்ந்து போய் மறைந்தது.

உள்ளே ஒரு குட்டி. வலிக்கிறது என்று இத்தனை நாள் அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடிக்க வந்தவளை இப்போது கும்பிட வேண்டும் போலிருந்தது.

வாரை அவிழ்த்துச் சேணத்தைத் தரையில் இறக்கி வைத்தான்.

தாய்மாமா கத்தத் தொடங்கினார். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள், குதிரை வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே என்றார். காரிலிருந்து இறங்கி வந்த பார்த்திபனின் கையை ஜெயராஜ் பிடித்துப் பவானியின் வயிற்றில் வைத்தான்.

பார்த்திபன் கையை எடுக்கவே இல்லை. பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றினான்.

"மாமா, உள்ள இருக்கறவரு முன்னாடி போவட்டும். நான் பின்னால நடந்துகினு வரேன்."

வெடி வேண்டாம் என்றும் அவனே சொல்லிவிட்டான்.

வெறும் முதுகோடு பவானி முன்னால் நடந்தாள். வேலை விட்டு வந்த கம்பெனி பஸ் ஒன்று ஊர்வலத்துக்காக நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள், என்ன இது, குதிரையில் ஆளே இல்லையே என்று கேட்டார்கள்.

"இருக்காரு" என்றான் ஜெயராஜ்.