ஐந்து பேரும் ஒரே விடை

"அஞ்சு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பைப் பண்ணுவீங்களா? நான் என்ன பச்சைப் புள்ளையா?"

கணக்கு டீச்சர் கமலாம்பாள் ஐந்து விடைத்தாள்களையும் மேசையில் ஓங்கி அறைந்தார். மைக்கூடு குதித்தது. எதிரே, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யான பதினோராம் வகுப்பு மாணவிகள் ஐந்து பேர் தலைகுனிந்து நின்றார்கள். ஐந்து வீட்டிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. திருப்பூரில் அதில் என்ன அதிசயம்?

"நாப்பது அடி துணி. நாலு நாலு அடித் துண்டா வெட்டணும். ஒரு வெட்டுக்கு ஒரு நிமிஷம். மொத்தம் எத்தனை நிமிஷம்? பத்து! மூணாங்கிளாஸ் புள்ளை சொல்லும். முப்பத்து நாலு பேரு பத்துன்னு எழுதியிருக்காங்க. நீங்க அஞ்சு பேரு மட்டும் ஒம்போது. யாரைப் பாத்து யாரு எழுதினது?"

"யாரையும் பாக்கலீங்க டீச்சர்," என்றாள் மருதாள். "ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தோமுங்க. எங்கப்பா கட்டிங் மாஸ்டருங்க. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு. அந்தக் கட்டிங் மேசையில அஞ்சு பேரும் சேர்ந்து படிப்போமுங்க."

சேர்ந்து படிப்பார்களாம்! இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக் கை தேய்ந்தவர் அவர். நேற்று முளைத்த இதுகள் தங்களுக்குத் தாங்களே பாடம் நடத்திக்கொள்வதா? கமலாம்பாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நான் சொல்லிக் குடுக்கறது பத்தலையாக்கும்?"

"அப்படி இல்லீங்க. உங்ககிட்ட ரெண்டாந்தடவை கேட்டா வைவீங்க. இதோ நிக்கறாளே, இந்த வேலாத்தாகிட்ட எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாமுங்க. சுப்பாத்தா முன்னெல்லாம் கணக்குல பெயிலுங்க. இப்ப எங்களுக்கே சொல்லித் தர்றாளுங்க. நீங்க பலகையில போட்ட இந்த மாதிரிக் கணக்குக்கும் அவ ஒண்ணு குறையுதுன்னா. நாங்க இல்லைன்னோம். ஒரே சண்டை. அப்பறம் வேஸ்ட் துணியை எடுத்து வெட்டிப் பாத்தா..."

"வாயை மூடு! காப்பி அடிச்சதுமில்லாம கதை வேறயா?" டீச்சர் ஒரு கடிதத்தை எடுத்து ஆட்டினார். "ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதிட்டேன். அஞ்சு பேரும் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத முடியாது. போய்ப் பனியன் மடிச்சு அடுக்குங்க!"

சுப்பாத்தாள் விசும்பினாள். மருதாள் அழவில்லை. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"அஞ்சு பேரு ஒரே மாதிரி எழுதினா காப்பிங்களா? அந்த முப்பத்து நாலு பேரும் ஒரே மாதிரிதானுங்களே எழுதியிருக்காங்க?"

"என்ன திமிருடி உனக்கு! உன் பேப்பரை நாலு துண்டாக் கிழிச்சுப் போட்டாத்தான் அடங்குவே!"

கமலாம்பாள் மருதாளின் விடைத்தாளை எடுத்தார். மேலிருந்து சரக் சரக்கென்று பட்டை பட்டையாகக் கிழித்து மேசைமேல் வீசினார். கையில் மிஞ்சிய கடைசித் துண்டையும் வீசினார். மூச்சு வாங்கியது.

மருதாள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு துண்டு ஆச்சுங்க டீச்சர். எத்தனை தடவை கிழிச்சீங்க?"

கமலாம்பாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் விரல் தானாக எண்ணிவிட்டது. மூன்று. கடைசித் துண்டை அவர் கிழிக்கவே இல்லை. அது தானாக மிஞ்சியது.

பிறகு கமலாம்பாள் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, நாலாவது தடவையாகக் கிழித்தார்.