மீன்கொத்திப் பேன்

கிராம்பு எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த பேனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

கண்ணாடிச் சன்னலில் மோதி விழுந்த ஒரு மீன்கொத்தியின் உச்சந்தலை இறகிலிருந்து எடுத்தது. இதுவரை யார் கண்ணிலும் படாத இனமாக இருக்குமோ என்று பேன் ஆராய்ச்சிக்காரிக்கு ஒரு நப்பாசை.

மைக்ராஸ்கோப்புக்குள் அது தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலம். இறகின் இழையை விடாமல் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமே! மீன்கொத்தி அலகால் உடம்பெல்லாம் கோதிக்கொள்ளும், தன் தலையை மட்டும் கோத முடியாது. அந்த எட்டாத இடத்தில்தான் இந்த மகாராணிக்குக் குடித்தனம்.

ஒரே படத்தில் இடது பாதியை முதுகாகவும் வலது பாதியை வயிறாகவும் வரைவது இந்தத் தொழிலின் வழக்கம். முதுகுப் பாதி முடிந்துவிட்டது. வயிற்றுப் பாதிக்குப் பென்சில் நகர மறுத்தது.

கப்பல் வேலையில் இருக்கும் கணவர் இன்று போனில் கூப்பிடுவார்.

"அவ உன்கூட ஒட்டவே இல்லைன்னா சொல்லிடு. திரும்ப ஹாஸ்டல்லயே விட்டுடலாம்" என்று போன தடவை சொல்லியிருந்தார்.

அவருடைய முதல் மனைவி விட்டுப்போன மகளைப் பற்றிய பேச்சு அது. பை நிறையத் துணியோடும் தலை நிறையப் பேனோடும் விடுதியிலிருந்து வந்திறங்கிய சின்னப் பெண்.

சீவிவிடட்டுமா என்று கேட்டால் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்பாள். வாங்கி வைத்த மருந்தின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. தன் சீப்பைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டாள். இன்றுவரை ஒரு தடவைகூடச் சித்தி என்று கூப்பிட்டதில்லை. படுப்பது கூடத்தில், தனியாக, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

ஊர் உலகத்துப் பேனையெல்லாம் படித்தவளுக்கு வீட்டுப் பேன் கைக்கு எட்டவில்லை. அது அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது.

போதாக்குறைக்குக் கொஞ்ச நாளாக ஒரே கனவு. படுத்துவிட்டால் இடியே விழுந்தாலும் எழாதவள் அவள். கனவில், ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து மீன்கொத்தி செய்த வளைக்குள் கிடக்கிறாள். இருட்டு. ஈர மண் வாசனை. தண்ணீர் எங்கோ மேலே ஓடுகிறது. காதோரம் ஏதோ ஒன்று கதகதப்பாக மூச்சு விடுகிறது. திரும்பிப் பார்க்கவே தோன்றுவதில்லை, அப்படி ஒரு நிம்மதி.

சன்னல் வெயில் மேசை மேல் மெல்ல ஊர்ந்தது. அவள் தன்னை மறந்து காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டாள்.

"என்னங்க மேடம், மீன்கொத்திப் பேன் உங்க தலையிலயே குடியேறிடுச்சா?" என்றார் அடுத்த மேசைக்காரர். வண்டுகளைப் படிப்பவர். பேன் என்றாலே அவருக்கு இளக்காரம்.

பறவைப் பேன் மனிதத் தலையில் பிழைக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரையாத பாதியின் மேல் பொட்டென்று ஏதோ விழுந்து நகர்ந்தது.

அதைத் தூரிகையால் தொட்டுக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினாள்.

குறுகிய தலை. ரத்தம் குடித்துக் கருத்த வயிறு. உருண்டையான முடியைப் பற்றுவதற்கென்றே வளைந்த நகங்கள். இறகில் இருக்கிற பேன் இல்லை இது. மனிதத் தலைப் பேன்.

அவள் மறுபடி ஒரு தடவை குனிந்து பார்த்தாள்.

பேனுக்குச் சிறகில்லை. குதிக்கவும் தெரியாது. மீன்கொத்தியானாலும் மனிதரானாலும், ஒரு தலையை விட்டு இன்னொரு தலைக்கு நடந்துதான் போகவேண்டும். அதற்கு இரண்டு தலைகளும் ஒட்டிக் கிடக்க வேண்டும். வளைக்குள் தாயை ஒட்டிக் குஞ்சு தூங்குவதுபோல.

வீட்டில் இருப்பதே இரண்டு தலைதான்.

தான் அடித்துப்போட்டதுபோல் தூங்கும்போது கூடத்திலிருந்து யார் எழுந்து வருகிறாள், யார் தலையோடு தலை வைத்துப் படுக்கிறாள், விடிவதற்குள் யார் சத்தமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் போய்விடுகிறாள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போனை எடுத்து, ஹாஸ்டல் பேச்சே வேண்டாம் என்று கணவருக்குச் செய்தி அனுப்பினாள்.

பக்கத்தில், பிடித்த பூச்சியைக் கொன்று போட்டு வைக்கும் ஆல்கஹால் புட்டி திறந்தே இருந்தது. அவள் தூரிகை நுனியில் பேனை ஏந்தினாள். வண்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, அதைத் தன் காதுக்குப் பின்னால் மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டாள்.