சுட்ட தேங்காய் ஆராய்ச்சி

அரிசி மண்டி எலி பொன்னுரங்கத்துக்கும் பக்கத்து பேக்கரி எலி சகாயத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இரண்டு கடைக்கும் நடுவில் புது மாதிரி எலிக்கூண்டு ஒன்று வந்து உட்கார்ந்ததும் இரண்டும் ராசியாகிவிட்டன. கூண்டுக்குள் கொக்கியில் தொங்கிய சுட்ட தேங்காய்ச் சில்லு அப்படி மணத்தது.

“தனியா இந்தக் கூண்டை ஆராய்ஞ்சா, இரை தேட நேரமில்லாம ரெண்டு நாள் பட்டினி. வேலையைப் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு நாள்தான்” என்றது பொன்னுரங்கம். “வாசல் என் பொறுப்பு, கொக்கி உம்ம பொறுப்பு. கண்டுபிடிச்சதைச் சொல்லிக்கிடுவோம்.”

“சரி, அண்ணாச்சி” என்றது சகாயம்.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்து பொன்னுரங்கம் கண்டுபிடித்துவிட்டது. வாசல் பலகையை நடுவில் மிதித்தால் கதவு விழும், ஓரமாகப் போனால் விழாது. இதைச் சொன்னால் சகாயமும் அல்லவா தின்னும்? நினைத்தாலே வயிறு எரிந்தது.

“வாசல்ல விசேஷமா ஒண்ணுமில்ல, வே.”

“கொக்கியும் சும்மாதான் தொங்குது, அண்ணாச்சி.”

மறுநாள் கடை திறக்குமுன் பொன்னுரங்கம் பலகை ஓரமாக நழுவி உள்ளே போய், தேங்காயை ஆசையோடு இழுத்தது. அதே நேரம் பின்னாலேயே ஓடிவந்த சகாயம் பலகை நடுவில் கால் வைத்தது. இரண்டுக்கும் பின்னால் கதவு டமாலென்று விழுந்தது.

“நடுவுல எதுக்குவே மிதிச்சீரு? ஓரமால்லா வரணும்!”

“நீங்க எதுக்கு இழுத்தீங்க? தொங்குறபடியே கடிச்சுல்லா திங்கணும்!”

அதற்குப் பிறகு இரண்டும் எதையும் மறைக்கவில்லை. உரக்கவே பேசின.

சாக்குமூட்டை மேலிருந்து சுண்டெலி ஒன்று மரியாதையாக எட்டிப் பார்த்தது.

“அண்ணாச்சி, ஓரம்னா இடது ஓரமா, வலது ஓரமா?”